கழுத்தில் தொங்கிய கம்ப்யூட்டர்

ஆர்லின் என் சிகாட் ரிக்ஷாவில் ஏறி உட்கார்ந்ததும் முதலில் கழுத்தைத் தடவிப் பார்ப்பாள். அங்கே ஒரு கறுப்புக் கயிற்றில் குழந்தை யேசு பதக்கமும், அதோடு உரசிக்கொண்டு ஒரு பென் டிரைவும் தொங்கும். இரண்டும் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான், “ம், மிதிங்க நோங்” என்பாள். அண்ணன் என்கிற மாதிரி, மூத்த ஆளை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

ஒருநாள் கேட்டேன். “யேசுவைத் தேடுறியா, அந்தக் குச்சியைத் தேடுறியா?”

“யேசு தொலைஞ்சா கோயில்ல இன்னொருத்தர் இருக்கார், நோங் இமோன். இது தொலைஞ்சா எனக்கு இன்னொண்ணு கிடையாது.”

பிறவியிலேயே அவளுக்குப் பார்வை இல்லை. அப்போது பாலத்துக்கு அந்தப் பக்கம் அக்கா வீட்டில் இருந்தாள். பார்வை இல்லை என்பதை நான் முதலில் நம்பவில்லை. மண்டாவே சந்தையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கையேந்துகிற எத்தனையோ பேரைச் சாயங்காலம் பீர் கடையில் சீட்டு விளையாடப் பார்த்திருக்கிறேன். அதனால் அவள் வந்த புதிதில் ஒருமுறை முகத்துக்கு நேராக நாக்கை நீட்டிக் காட்டினேன். “என்ன நோங், வாயில ஈ போயிடுச்சா?” என்று கேட்டாள். எப்படிக் கண்டுபிடித்தாள் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அதற்கப்புறம் சோதிப்பதை விட்டுவிட்டேன்.

அவள் போகிற இடம் திக்யோவின் கம்ப்யூட்டர் கடை. சுவரோரமாக வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு காசுப் பெட்டி. ஒரு பெசோ நாணயத்தைப் போட்டால் திரை எரியும். காசு தீர்ந்தால் திரை கறுத்துப்போகும். உள்ளே இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்தப் பெட்டி வெட்டுவது திரையை மட்டும். பார்க்க முடியாமல் போனால் எவன் உட்கார்ந்திருப்பான் என்று அதைச் செய்தவன் நினைத்திருப்பான்.

கடைக் கம்ப்யூட்டர்கள் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. அணைத்துப் போட்டால் மறுபடி முதல்நாள் மாதிரி ஆகிவிடும். பையன்கள் குப்பை சேர்க்கக் கூடாது என்று திக்யோ செய்த ஏற்பாடு. அதனால்தான் ஆர்லின் தன்னுடையதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருவாள். பென் டிரைவைச் செருகி, விரலால் இரண்டு மூன்று தட்டு தட்டுவாள். கடையின் கம்ப்யூட்டர் அந்த நிமிஷமே அவளுடையதாகிவிடும். திரையில் என்ன இருக்கிறதோ அதை ஒரு குரல் அவள் காதில் படிக்கும். உருவினால் மறுபடி கடையுடையது.

அந்த ஹெட்போனை ஒருமுறை என் காதில் வைத்துப் பார்த்தேன். மாவு மில்லுக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது.

“இதுல என்ன புரியுது உனக்கு?”

“உங்க கண்ணு எவ்வளவு வேகமா ஓடுதோ, அவ்வளவு வேகமா என் காது ஓடும். இருங்க, உங்களுக்காகக் குறைக்கிறேன்.” ஏதோ ஒரு விசையைத் தட்டிக்கொண்டே போனாள். இரைச்சல் மெல்ல மெல்ல இளகிப் பேச்சானது. “நோங் இமோன் குளித்துவிட்டு வரவும்” என்றது குரல். அவள் அப்போதே அடித்து வைத்தது. சிரிப்பை அடக்க முடியாமல் மேஜையில் தலையை வைத்துக்கொண்டாள்.

இன்னொன்றும் அதில் இருந்தது. மூன்று எழுத்து அடித்தால் முழு வரி வந்து விழும். பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து ஒவ்வொரு சுருக்கமாக அவளே சேர்த்தது. “என் விரலைவிட அதுதான் நோங் வேகம்” என்பாள்.

இனி திக்யோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் மகனுக்கு நான் ஞானத்தந்தை, ஆகவே அவன் எனக்குக் கும்பாரே. எங்களுக்குள் ஒளிவு மறைவு இல்லை. அதுதான் தொல்லை.

‘கழுவாத பென் டிரைவ் உள்ளே வரக் கூடாது’ என்று அட்டையில் எழுதிக் கடை வாசலில் தொங்கவிட்டிருந்தான். வைரஸ் பயம். வருகிற ஒவ்வொருவரும் கல்லாவில் அவனிடம் கொடுக்க வேண்டும், அவன் தன்னுடைய கம்ப்யூட்டரில் செருகிக் கழுவித் திருப்பித் தருவான். கழுவுகிறது என்னவோ உண்மைதான். ஆனால் கழுவுகிற நேரத்தில் உள்ளே இருப்பதையெல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் தனக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். பாட்டு, படம், கல்யாண வீடியோ, எது இருந்தாலும். அவற்றில் நல்லதைப் பொறுக்கி மற்றவர்களுக்குப் போட்டுக் கொடுத்துச் சம்பாதித்தான்.

“மெஷினே எடுத்துக்குது, கும்பாரே. நானா கையை விடுறேன்?” என்பான்.

நான் எதுவும் சொன்னதில்லை. மழை பிடித்துக்கொண்டு சவாரி இல்லாத நாட்களில் கல்லாவுக்குப் பின்னால் ஒரு முக்காலி போட்டு எனக்குப் பழைய கவ்பாய் படங்கள் போட்டுக் காட்டுவான். யாரோ கப்பல்காரனின் பென் டிரைவில் இருந்து வந்தவை. குதிரை பிரமாதமாக ஓடும். நான் கேள்வி கேட்கவில்லை.

ஒருநாள் ஆர்லின் கயிற்றைக் கழற்றி அவனிடம் நீட்டியபடி சொன்னாள். “மத்த கடையில எல்லாம் உள்ள இருக்கிறதை உருவிடுறாங்களாம், நோங் திக்யோ. உங்க கையில கொடுக்கத்தான் எனக்குப் பயமே இல்ல.”

திக்யோ வாங்கிக் கழுவித் திருப்பிக் கொடுத்தான். நான் வாசலுக்குப் போய்க் காறித் துப்பினேன். தொண்டையில் ஒன்றும் இல்லை.

அப்புறம் ஒருநாள் காலையில் அவள் ஏறும்போதே பேச்சு ஓடியது. நகரத்தில் ஒரு கம்பெனி, டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு அப்படியே அடித்துக் கொடுக்கிற வேலை. ஒரு பதிவை அனுப்பியிருக்கிறார்கள், முந்தின நாளே அதைப் பென் டிரைவில் இறக்கி வைத்துவிட்டாள். அதை அடித்து, சாயங்காலம் அவர்கள் அலுவலகம் மூடுவதற்குள் திருப்பி அனுப்ப வேண்டும். தாமதமானால் பார்க்கவே மாட்டார்கள்.

“இதுக்கு முன்னாடி கேட்ட இடத்துல எல்லாம் போன்ல ‘ரொம்ப நல்லது’ம்பாங்க நோங். கண்ணு விஷயம் சொன்னதும் ‘நாங்களே கூப்பிடுறோம்’ம்பாங்க. இந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? ‘எங்களுக்குக் காதும் விரலும் போதும்’னாங்க. காதும் விரலும்! அது ரெண்டும்தான் நோங் என்கிட்ட மிச்சமா இருக்கு.”

“வாயை விட்டுட்டியே” என்றேன்.

“அதைக் கேட்டா சம்பளம் ஏத்திக் கேட்பேன்.”

அக்காவின் புருஷன் அவளைச் சோறு தின்கிற இன்னொரு வாயாகத்தான் பார்க்கிறான் என்று தெருவுக்கே தெரியும். இந்த வேலை கிடைத்தால் தனியாக ஓர் அறை எடுத்துக்கொள்வேன் என்றாள். சொல்லும்போது கயிற்றை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

மத்தியானம் வெயில் தாங்காமல் நானும் கடைக்குள் போய் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தேன். பையன்கள் திரையில் யாரையோ சுட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள், கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு. மூலையில் ஆர்லின். ஒரு காதில் ஹெட்போன், இன்னொரு காது திறந்திருந்தது. விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் முன்னால் திரை கறுப்பாக இருந்தது.

கொஞ்ச நேரம் பார்த்தேன். விரல் நிற்கவில்லை. திரையும் எரியவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “கும்பாரே, உன் மூலை மெஷினைப் பாரு. காசு செத்துப்போச்சு, அவ பாட்டுக்கு ஓட்டிக்கிட்டு இருக்கா. கண்ணு இல்லாதவளுக்கு ஓசியா, இல்ல கண்ணு இல்லாதவ உனக்கு விபூதி அடிக்கிறாளா?” என்றேன்.

விளையாட்டுக்கும் சொன்னேன், நிஜமாகவும் சொன்னேன். எது எவ்வளவு என்று எனக்கே தெரியாது.

நாணயத்தில் நூலைக் கட்டி உள்ளே விட்டு வெளியே இழுக்கிற பையன்களால் திக்யோ ஏற்கெனவே வெந்து போயிருந்தான். எழுந்த வேகத்தில் அவன் நாற்காலி விழுந்தது. “ஏய், என் கரண்டு என்ன ஆத்துலயா வருது?” என்று கத்தினான். ஆர்லின் பாதி திரும்பினாள். அதற்குள் அவன் கையை நீட்டிப் பென் டிரைவைப் பக்கவாட்டில் பிடித்து வெடுக்கென்று இழுத்துவிட்டான்.

ஒரு சின்னச் சத்தம், கோழி எலும்பு ஒடிகிற மாதிரி.

ஆர்லினின் விரல்கள் விசைகள் மேலேயே நின்றன. அவள் காதில் குரல் போய்விட்டது என்று முகத்தில் தெரிந்தது.

“யாரு? நோங் திக்யோவா? என்ன ஆச்சு?”

“காசு போடாம ஓட்டுறியே, அதான் ஆச்சு. திரை எப்பவோ அணைஞ்சு போச்சு!”

“திரையா?” என்றாள். “திரை அணைஞ்சது எனக்கு எப்படி நோங் தெரியும்?”

பையன்களில் ஒருவன் சிரித்தான். பக்கத்தில் இருந்தவன் அவன் தொடையில் கிள்ளியிருக்க வேண்டும், பாதியில் நிறுத்திவிட்டான்.

“காசு தீரும்போது பெட்டி கத்துமே நோங். அதுக்குத்தான் ஒரு காதைத் திறந்து வச்சிருக்கேன். இன்னிக்கு இன்னும் கத்தலையேன்னு நினைச்சேன். வேலை மும்முரத்துல நேரம் தெரியல.” கையை நீட்டி மேஜையில் தடவினாள். அவளுடைய இடது கைப் பக்கம் நாணயங்கள் ஒன்றையொன்று தொட்டபடி வரிசையாக அடுக்கி இருந்தன. அடுத்துப் போடுவதற்கு. மின்விசிறிக்குக் கீழே இருந்து நான் பார்த்தபோது அவள் தோள் மறைத்திருந்தது.

பெட்டிகள் கத்தவில்லை. முந்தின நாள்தான் திக்யோ எல்லாப் பெட்டியிலும் அந்த ஒயரை வெட்டிவிட்டான். தலைவலி என்று.

“சுஸ்மரியோசெப்” என்று யேசு, மரியா, யோசேப்பு மூவரையும் சேர்த்து மெதுவாகக் கூப்பிட்டான். பென் டிரைவைத் திருப்பிச் செருகினான். போகவில்லை. இரும்பு மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அழுத்தினான். சாய்ந்தது கையோடு வந்துவிட்டது.

சந்தைக்குப் பக்கத்தில் போன் ரிப்பேர் பார்க்கிறவனிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு அவன் பார்த்தான். “உள்ள இருக்கிற சில்லு பிளந்து போச்சு, நோங். மருந்து குடுக்கிற கேஸ் இல்ல, மெழுகுவத்தி ஏத்துற கேஸ்” என்றான். ஆர்லின் அதை வாங்கித் திரும்பக் கயிற்றில் மாட்ட முயன்றாள். அவன் பிரித்ததில் வளையம் போயிருந்தது, மாட்ட இடமில்லை. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகலாம் என்றாள். மிதித்தேன்.

“அந்தக் குரலை மட்டும் வேணும்னா யாராவது பக்கத்துல உட்கார்ந்து திரையைப் படிச்சுச் சொன்னா மறுபடி இறக்கிக்கலாம். ஆனா சுருக்கம் எல்லாம் போச்சு நோங். அது இல்லாம அடிச்சா ராத்திரி வரைக்கும் இழுக்கும். அவங்க அனுப்புன பதிவும் அதுக்குள்ளதான் இருந்துச்சு. கேட்டா மறுபடி அனுப்புவாங்க. ஆனா ‘கண்ணு இல்லாததுனால லேட்டு’ன்னு நினைப்பாங்க. நினைக்காம எப்படி இருப்பாங்க? அது மட்டும் இருந்தா இப்ப உட்கார்ந்தாகூட முடிச்சுடுவேன்.”

நான் எழுந்து நின்று மிதித்தேன்.

“நான் அழல நோங். அழுதா மூக்கு வீங்கிடும், அக்கா கேட்பா. கேட்டா மச்சானுக்குக் காதுல விழும்.”

காலையில் கல்லாவில் கழுவியபோது எடுத்த பிரதி திக்யோவின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அவளுடைய குரல், சுருக்கங்கள், டாக்டரின் பதிவு எல்லாம் அப்படியே இருக்கிறது. அது இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவன் கடையில் கல்லாப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். இன்னொருவன் அவளை அதிலிருந்து தூரமாக மிதித்துக்கொண்டு போகிறான்.

பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தினேன். பின்னால் ஜீப்னி பஸ்காரன் ஹாரனை அழுத்தி என் தாயைத் திட்டினான்.

“ஏன் நோங் நிறுத்திட்டீங்க?”

“சங்கிலி கழண்டுடுச்சு.”

“சத்தம் கேக்கலையே?”

“மெதுவா கழண்டுச்சு” என்றேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கழலாத சங்கிலியைப் பிடித்து விரலெல்லாம் கிரீஸ் பூசிக்கொண்டேன். பார்வை இல்லாதவளுக்கு முன்னால் எதற்காக அதைச் செய்தேன்? கை தானாகச் செய்தது. அந்தக் கிரீஸைப் பார்த்தபோதுதான் எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது. வண்டியைத் திருப்பினேன்.

“எங்க போறோம்?”

“கடைக்கு. திக்யோகிட்ட ஏதாவது வழி இருக்கும்.”

“என்ன வழி?”

“கேட்டுப் பார்ப்போம்.”

அவளை வண்டியிலேயே உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன். திக்யோ ஒரு காசுப் பெட்டியைத் திறந்து, வெட்டிய ஒயரை முறுக்கிக்கொண்டிருந்தான். ஒயர் சேரவில்லை.

“காலையில எடுத்ததைக் குடு” என்றேன்.

“எதை?”

“என்கிட்டயே நடிக்கிறியா?”

குரலைத் தாழ்த்தினான். “குடுத்தா எப்படி வந்துச்சுன்னு கேட்பா. நாளைக்குத் தெருவே கேக்கும். டீச்சரம்மா பரீட்சைத் தாள் உள்ள இருக்கு, கும்பாரே. பொண்ணுங்க போட்டோ இருக்கு. கடையை எரிச்சுடுவாங்க.”

“எரிக்கட்டும். ஒடிச்சது நீ.”

“ஒடிக்கச் சொன்னது யாரு? வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தியா?” நிமிர்ந்து என்னைப் பார்த்தான். “குதிரைப் படம் பார்க்கும்போது எங்கிருந்து வருதுன்னு ஒருநாள் கேட்டியா? சிரிச்சுக்கிட்டேதானே பார்த்தே?”

கிரீஸ் கையைக் கால்சட்டையில் துடைத்தேன்.

அப்புறம் அவனேதான் ஒரு வழி கண்டுபிடித்தான். கழுவும்போது எல்லாம் தானாகக் கொஞ்ச நாள் அங்கே தங்கும், அப்புறம் தானாக அழிந்துவிடும், இன்றைக்கு நல்ல வேளையாக இன்னும் அழியவில்லை என்று சொல்வது. மெல்லிய பொய்தான். எனக்குத் தெரிந்து தேவாலயத்தில்கூட இதைவிட மெல்லியதைச் சொல்லியிருக்கிறார்கள். நான் தலையாட்டினேன். என் பாவக் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்லினைக் கல்லாவுக்குக் கூட்டி வந்தேன். திக்யோ ஒப்பித்தான். அவள் முகம் விளக்கு போட்ட மாதிரி ஆனது. “நிஜமாவா நோங்? கழுவுன தண்ணியில மிச்சம் இருக்கா?” என்று சிரித்தாள். “உயிரோட இருக்கான்னு ஒருதடவை ஓட்டிப் பாருங்களேன். ‘தொடங்கு’ன்னு ஒண்ணு இருக்கும்.”

திக்யோ அதைத் தட்டினான். கல்லாக் கம்ப்யூட்டரில் ஹெட்போன் கிடையாது; ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பாடுவதற்காக வைத்த இரண்டு பெரிய ஒலிபெருக்கிகள்தான். அந்த மாவு மில் இரைச்சல் கடை முழுக்கக் கொட்டியது. பையன்கள் காதைப் பொத்திக்கொண்டு, “நோங், வண்டு புகுந்துடுச்சா?” என்று கத்தினார்கள்.

“உயிரோட இருக்கு!” என்றான் திக்யோ. கண்ணாடி அலமாரியிலிருந்து புது பென் டிரைவ் ஒன்றை எடுத்துப் பிரித்தான். பிரதியைத் தேடி மவுஸை மேலும் கீழுமாக நகர்த்தினான். ஒவ்வொரு பெயரின் மேலும் அம்பு பட்டபோது இரைச்சல் ஒருமுறை வெடித்து அடங்கியது. மறுபடி வெடித்தது. அவனுக்கு அது வண்டுச் சத்தம்தான். மேலே, கீழே, மேலே.

நான் ஆர்லினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு அவள் முகத்தில் அப்படியே இருந்தது, ஆனால் உள்ளே ஆள் எழுந்து போய்விட்ட மாதிரி. தலை ஒலிபெருக்கியின் பக்கம் மெல்லச் சாய்ந்தது. உதடு அசைந்தது, எதையோ மனப்பாடம் செய்கிறவள் போல.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கடையில் அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான். திக்யோவின் அலமாரியை அது அவளுக்கு வரிசையாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தது.

“போதும் நோங்” என்றாள் கடைசியில். “எனக்கு வேண்டியதை அதுல போட்டுக் குடுங்க. நேரம் ஆகுது.”

மூலையில் போய் உட்கார்ந்து செருகினாள். விரல்கள் ஓட ஆரம்பித்தன. திக்யோ அவள் பக்கத்தில் நின்று, திரை கறுக்கவிடாமல் தன் பையிலிருந்து காசு போட்டுக்கொண்டே இருந்தான். அவள் ஒருமுறைகூட அவன் பக்கம் திரும்பவில்லை. அவனோ வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவனிடம் சொல்லத் தைரியம் இல்லை.

அலுவலகம் மூடுவதற்குள் அனுப்பிவிட்டாள். “போயிடுச்சு” என்றாள், யாரிடமும் இல்லாமல். மேஜையில் அடுக்கியிருந்த நாணயங்களைக் கையில் அள்ளினாள். பையன்கள் சாப்பாட்டுக்கு ஒவ்வொருவராகக் கிளம்பும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கடைசிப் பையன் செருப்பைத் தேய்த்துக்கொண்டு போனதும் எழுந்து, சுவரைத் தடவிக் கல்லாவுக்கு வந்தாள். நாணயங்களை மேஜைமேல் வைத்தாள்.

“இருட்டுல ஓட்டுனதுக்கு.”

“ஐயோ, அதெல்லாம் வேண்டாம் இன்டாய், தங்கச்சி—”

“விசைப்பலகையை இந்தப் பக்கம் தள்ளுங்க நோங்.”

தள்ளினான். அவள் அந்த விசையைத் தட்ட ஆரம்பித்தாள். எனக்கு அது எது என்று தெரியும். ஒவ்வொரு தட்டுக்கும் இரைச்சல் கொஞ்சம் இளகியது. வண்டு மனிதனானது. கடை காலியாக இருந்தது, ஒலிபெருக்கி பெரியது. குரல் சாவகாசமாகப் படித்தது.

“மிஸ் வில்யாரின். அரையாண்டுத் தேர்வு.”

திக்யோவின் கை மவுஸுக்குப் பாய்ந்தது. அம்பு வேறொன்றில் பட்டது. “சிடிங்கின் பேரன் ஞானஸ்நானம்” என்றது குரல். அவன் பதறி இன்னும் கீழே இழுத்தான். “ஆர்லின். ஆர்லின். ஆர்லின். ஆர்லின்.” அவள் கடைக்கு வந்த நாட்கள் அத்தனையும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான். குரல் நின்றது.

“கழுவுன தண்ணி நிறைய இருக்கு நோங்” என்றாள் ஆர்லின்.

திக்யோ வாயைத் திறந்தான். மெஷினே எடுத்துக்கொள்கிறது என்று சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

“உங்க பொழப்பைக் கெடுக்கணும்னா பசங்க இருக்கும்போதே வேகத்தைக் குறைச்சிருப்பேன்” என்றாள். அவள் குரல் உயரவில்லை. “எல்லாத்தையும் அழிங்க. ஒண்ணொண்ணா. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

அவன் அழித்தான். ஒவ்வொன்றுக்கும் குரல் பெயரைச் சொன்னது, பிறகு போய்விட்டது என்று சொன்னது. அவள் கல்லாவில் முழங்கையை ஊன்றி நின்று கேட்டாள். வெகுநேரம் ஆனது. தேர்வுத்தாள் போனது, ஞானஸ்நானம் போனது, யார் யாரோ போனார்கள். நான் அந்தக் ‘கழுவாத பென் டிரைவ்’ அட்டையை வாசலில் இருந்து கழற்றி மடித்தேன். ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும் போல் இருந்தது.

கடைசியில் ஒன்று மிஞ்சியிருந்தது. அம்பு அதன்மேல் போனது.

“கும்பாரே குதிரைப் படங்கள்” என்றது குரல், நிதானமாக.

ஆர்லின் முகத்தைத் திருப்பி, நான் நின்ற இடத்தைச் சரியாகப் பார்த்தாள். பார்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

“சங்கிலி சரியா மாட்டியாச்சா நோங் இமோன்?” என்று கேட்டாள்.

“மாட்டியாச்சு.”

“அப்ப கிளம்புவோம்.”

கம்பெனிக்காரர்கள் அவளை எடுத்துக்கொண்டார்கள். இப்போது பாலத்துக்கு அந்தப் பக்கமே தனி அறை எடுத்திருக்கிறாள். கம்ப்யூட்டர் வாங்கும்வரை திக்யோ கடைக்குத்தான் வருகிறாள். பக்கத்தில் வேறு கடை இல்லை. அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் திக்யோ இரண்டு மடங்கு சத்தமாகக் கத்துகிற மணி வைத்திருக்கிறான். பென் டிரைவை அவள் யார் கையிலும் கொடுப்பதில்லை. அவனும் கேட்பதில்லை. யாரிடமும் கேட்பதில்லை.

அவள் என் வண்டியில்தான் வருகிறாள். சிரிக்கிறாள், அக்கா புருஷனைப் பற்றிக் கிண்டல் செய்கிறாள். எதுவும் மாறவில்லை என்று தெருவில் நினைப்பார்கள்.

பாலம் வரும்போது ஒன்று செய்கிறாள். முன்பெல்லாம் அவளுக்குச் சொல்லவே வேண்டாம். சக்கரத்துக்குக் கீழே இரும்புத் தகடு தடதடத்ததும், “இதோ பாலம், கீழ நாத்தம்” என்று அவளே மூக்கைப் பிடித்துக்கொள்வாள். இப்போது தகடு தடதடத்த பிறகு என்னைக் கேட்கிறாள்.

“எங்க நோங் இருக்கோம்?”

“பாலத்துல இன்டாய்.”

நான் சொன்னதையும் சக்கரம் சொல்வதையும் அவள் ஒத்துப் பார்க்கிற அந்தக் கொஞ்ச நேரம் நான் மூச்சுவிடாமல் மிதிக்கிறேன்.

“ம்” என்கிறாள்.